நாய்க்கும் ஒரு சுபாவம் உண்டு

போன வாரத் தபாலில் ஒரு சகோதரியின் கடிதம் வந்தது. பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், போடவில்லை. விஷயத்தை மட்டும் சொல்கிறேன். இதே விஷயம் உங்களில் பலருடைய வீட்டிலும் இருக்கும்.

அவர்கள் குடியிருப்பது ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தில். எதிர் வீட்டில் ஒரு லாப்ரடார் நாய். வந்தவர், போனவர் எல்லாரிடமும் குழையும். குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் "சரி, இழுத்துக்கொள்" என்பது போல் படுத்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, இவர்களும் அதே ஜாதியில் ஒரு குட்டியை வாங்கி வந்தார்கள். இரண்டு வருஷம் ஆகிறது. இந்த நாயோ, வாசல் மணி அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்கிறதாம். குழந்தை ஆசையாகக் கட்டிக்கொள்ளப் போனால் எழுந்து வேறு மூலைக்குப் போய்விடுகிறதாம். பந்தை எறிந்தால் பந்தையும் பார்க்கிறது, எறிந்தவரையும் பார்க்கிறது. "நீயே போட்டாய், நீயே எடுத்துக்கொள்" என்று உட்கார்ந்திருக்கிறதாம்!

"நாம் ஏமாந்துவிட்டோம், இதை யாரிடமாவது தள்ளிவிட்டு நல்லதாக வேறொன்று வாங்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு மனசு கேட்கவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு அது மெள்ள வந்து என் காலடியில் படுத்துக்கொள்கிறது. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மணி, உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி வாஸ்தவம். ஏமாந்தது உண்மைதான். ஆனால் உங்களை ஏமாற்றியது அந்த நாய் அல்ல. கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு நாயை. இரண்டு வருஷமாக மனசுக்குள் வளர்த்து வருவது எதிர் வீட்டு நாயை.

ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவள் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் அரை மணி நேரத்தில் அத்தனை பேருக்கும் சிநேகிதி. இளையவள் அம்மாவின் முந்தானையை விட்டு வரமாட்டாள். அதற்காக இளையவளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று யோசிக்கிறோமா? "அவள் சுபாவம் அப்படி" என்று சொல்லி, பந்தியில் நம் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொள்கிறோம். இந்த நியாயத்தை நாய் விஷயத்தில் மட்டும் நாம் காட்டுவதில்லை. நாய் என்றால் முதலில் ஜாதியைக் கேட்கிறோம். ஜாதி தெரிந்ததும் குணமும் தெரிந்துவிட்டதாக முடிவு கட்டிவிடுகிறோம்.

ஜாதியை வைத்துக் குணத்தை எவ்வளவு தூரம் சொல்ல முடியும்? அமெரிக்காவில் இதைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். 18,000க்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் விவரம் கேட்டு வாங்கினார்கள். அவற்றில் 2,000க்கு மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு 2022-ல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் வெளிவந்தது. நாய்க்கு நாய் குணத்தில் காணும் வித்தியாசங்களில், ஜாதியைக் கொண்டு விளக்கக்கூடியது நூற்றுக்கு 9 பங்குதானாம்! சொன்னதைக் கேட்டு நடக்கும் குணத்தில் ஜாதிக்குக் கொஞ்சம் கூடுதலான பங்கு இருந்தது. ஆனால் பயமோ தொந்தரவோ வந்தால் ஒரு நாய் எவ்வளவு சீக்கிரம் சீறும் என்கிற விஷயத்தில் ஜாதி அநேகமாக ஒன்றையுமே சொல்லவில்லை. நாமோ அதற்காகத்தானே ஜாதியை விசாரிக்கிறோம்! ஊளையிடுவதில் கடைசி ஸ்தானம் லாப்ரடாருக்குத்தான். அந்த லாப்ரடாரை வளர்ப்பவர்களிலும் நூற்றுக்கு 8 பேர், "எங்கள் வீட்டு நாய் சில சமயம் ஊளையிடும்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த எட்டு நாய்களும் விதியை மீறியவை அல்ல. அவை அப்படிப்பட்ட நாய்கள், அவ்வளவுதான்.

ஜாதியே ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம் ராஜபாளையம் இருக்கிறது. 2005-ல் நம் தபால் இலாகா அதற்குத் தபால் தலையே போட்டுக் கௌரவித்தது. வேட்டைக்கும் காவலுக்கும் என்று தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய். சிப்பிப்பாறையோ முயலைத் துரத்துவதற்கென்றே வார்த்தெடுத்தது போல் இருக்கும். அந்த நீண்ட கால்களை இரண்டு அறைக் குடித்தனத்தில் மடக்கி வைத்துவிட்டு, "நாற்காலியைக் கடிக்கிறதே!" என்று அங்கலாய்ப்பது அநியாயம். உடம்பின் தேவை என்ன, ஓட்டம் எவ்வளவு வேண்டும், எதில் நாட்டம் அதிகம் என்பதையெல்லாம் ஜாதி ஓரளவு சொல்லும். மனசு எப்படி என்பதை அந்த நாயிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களில் ரஷ்ய தேசத்து விஞ்ஞானி பாவ்லோவ் ஒருவர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாம் எல்லாரும் அவரைப் படித்திருக்கிறோம். சாப்பாட்டுக்கு முன் ஒரு சத்தம் கேட்கப் பழக்கினால், பிறகு அந்தச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டியவர். 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். புத்தகத்தில் வராத சங்கதி என்னவென்றால், வருஷக்கணக்காக நாய்களோடு பழகிய பிறகு அவரை மிகவும் யோசிக்க வைத்தது அந்த எச்சில் அல்ல. ஒரு நாய் இன்னொரு நாயைப் போல் இல்லையே என்பதுதான்.

ஆரம்பத்தில், சுறுசுறுப்பாகவும் எல்லாரோடும் சிநேகமாகவும் இருக்கும் நாய்களைப் பார்த்துத்தான் பரிசோதனைக்குப் பொறுக்கினார்களாம். நாமும் அப்படித்தானே பொறுக்குவோம்? ஆனால் ஓசையில்லாத அறையில், மேடை மேல் வாரைக் கட்டித் தனியாக நிறுத்தினால், அந்தத் துறுதுறு நாய்கள் கொஞ்ச நேரத்தில் தூங்கி வழிந்தன! மாறாக, எப்போதும் வாலை மடக்கிக்கொண்டு, சுவரோரமாகப் பதுங்கிப் பதுங்கி நடந்து, யாராவது சட்டென்று கையை அசைத்தாலே தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும் நாய் ஒன்று இருந்தது. அதை அங்கே யாரும் எதுவும் செய்துவிடவில்லை. அதன் சுபாவமே அப்படி. பார்த்தால் உதவாக்கரை. மேடையில் ஏற்றினாலோ, கடிகாரம் மாதிரி ஒழுங்காக, பிசகில்லாமல் பாடத்தைச் செய்து காட்டியது. "இது நல்ல நாய் இல்லை" என்று சொல்லும் சகோதரர்கள் இந்த நாயைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நாய் பரம சாது. யாரிடமும் விரோதமில்லை. ஆனால் வாரைக் கட்டி மேடையில் நிறுத்தினால் மட்டும் தவித்துத் துடிக்கும். வாயிலிருந்து எச்சில் ஓயாமல் வடியும். என்ன வியாதியோ, எதைக் கண்டு பயமோ என்று என்னென்னவோ பார்த்தார்கள். கடைசியில் புரிந்தது, அதற்குக் கட்டிப்போடுவது பிடிக்கவில்லை! பிறகு மாதக்கணக்கில், சாப்பாட்டை அந்த மேடையிலேயே வைத்து, மெள்ள மெள்ளப் பழக்கினார்கள்.

அதன் பிறகு வந்தது வெள்ளம். 1924 செப்டம்பர் 23. இன்றைக்கு மறுபடியும் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று பெயர் பெற்றுவிட்ட லெனின்கிராட் நகரத்தில் நேவா நதி கரை புரண்டது. நாய்கள் இருந்த கொட்டடிக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே போயிற்று. கூண்டின் மேல்தட்டில் மூக்கு முட்ட நீந்திக்கொண்டிருந்த நாய்களை, ஆட்கள் வந்து தண்ணீருக்குள் அமுக்கிக் கூண்டுக் கதவு வழியாக வெளியே இழுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. புயலில் நீந்தவைத்துப் பெரிய கட்டடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

எல்லாம் வடிந்து, நாய்கள் பழையபடி மேடைக்கு வந்தபோதுதான் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்லக் கூடாது, பரிதாபம். சில நாய்கள் ஒன்றுமே நடவாதது போல் பாடத்தைத் தொடர்ந்தன. சில நாய்களுக்கோ கற்றதெல்லாம் மறந்துபோயிருந்தது. சாப்பாடு வேண்டியிருக்கவில்லை, மேடையில் நிலைகொள்ளவில்லை. பழகின மனிதர் ஒருவர் அறையில் கூடவே உட்கார்ந்திருந்தால்தான் ஒரு நாய்க்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அது தேறி வந்த பிறகு, பரிசோதனைக்காகக் கதவுக்கு அடியிலிருந்து கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டார்கள். அவ்வளவுதான், பழைய கிலி மறுபடியும் பிடித்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் வந்தது ஒரே வெள்ளம். கொட்டடியும் சாப்பாடும்கூட ஒன்றுதான். ஒன்று உதறிவிட்டுப் போயிற்று, ஒன்று உடைந்துபோயிற்று.

நம் வைத்தியர்கள் வாதம், பித்தம், சிலேத்துமம் என்று பிரித்த மாதிரி, பழைய கிரேக்கர்கள் மனித சுபாவத்தை நாலாகப் பிரித்திருந்தார்கள். அதையே பாவ்லோவ் நாய்களுக்கும் பொருத்திப் பார்த்தார். ஆயிரம் நாயை நாலு பெட்டியில் அடைப்பதும் ஒருவித ஜாதிப் பிரிவுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் நாயின் நடத்தையைப் பார்த்து, "இது யார்?" என்று கேட்டாரே, அது பெரிய விஷயம். அந்த நாய்கள் பட்ட வேதனையும் கொஞ்சமல்ல. கத்தி வைத்த பரிசோதனைகள் அநேகம். 1935-ல் அவருடைய ஆராய்ச்சி நிலையத்துத் தோட்டத்திலேயே நாய்க்கு ஒரு சிலை எழுப்பினார்கள். இன்றும் இருக்கிறது.

சரி, பயந்த நாய் பயந்தபடியேதான் பிறக்கிறதா? பாதிதான் அப்படி. அமெரிக்காவில் மெய்ன் மாகாணத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஸ்காட், புல்லர் என்ற இருவர் ஐந்து ஜாதி நாய்களை வருஷக்கணக்கில் வளர்த்துப் பார்த்து 1965-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார்கள். குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாவது வாரம் வரை உள்ள காலந்தான் அதன் மனசுக்கு அஸ்திவாரம் போடும் காலம் என்று கண்டார்கள். அப்போது மனிதர்களோடு பழகாத குட்டிகள் பின்னால் மனிதர்களைக் கண்டாலே மிரண்டன. நம் ஊரில் விலைக்கு வரும் குட்டிகளில் எத்தனையோ அந்த நாட்களை ஒரு கூண்டின் இருட்டில்தான் கழிக்கின்றன. மிக்ஸி சத்தமும் குழந்தை அழுகையும் அவற்றின் காதில் விழுந்ததேயில்லை. அங்கிருந்து நேரே நம் வீட்டுக் கூடத்துக்கு! ஆகையால் குட்டி வாங்கப் போகிறவர்கள் கலரைப் பார்ப்பதற்கு முன், அது பிறந்து வளரும் இடத்தைப் பாருங்கள். தாய் நாயையும் பாருங்கள். எட்டு வாரம் ஆவதற்குள் தாயிடமிருந்து பிரித்துத் தர வந்தால் வாங்காதீர்கள். தடுப்பூசி முடியும் வரை தெருவில் இறக்கிவிடக் கூடாது. ஆனால் தோளில் சார்த்திக்கொண்டு தெருவைக் காட்டலாமே! ஆட்டோ, பால்காரர், குடை பிடித்த மாமா, மீசை வைத்த தாத்தா என்று எல்லாவற்றையும் அது நம் தோளில் இருந்தபடி பார்க்கட்டும்.

வளர்ந்த நாய் என்றால்? அஸ்திவாரத்தைத் தோண்டி மாற்ற முடியாது. மேலே உள்ள வீட்டைச் சௌகரியமாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு முதலில் அது யார் என்று தெரிய வேண்டும். பால் கணக்கு எழுதுவது போல ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதினைந்து நாள் எழுதிப் பாருங்கள். எந்தச் சத்தத்துக்கு ஓடுகிறது, யார் வந்தால் வாலை ஆட்டுகிறது, யார் வந்தால் எழுந்து போகிறது, எந்த நேரத்தில் அதுவாக விளையாட வருகிறது, எங்கே படுத்தால் நிம்மதியாகத் தூங்குகிறது? பதினைந்தாம் நாள் படித்தால், "அட, இது சாயங்காலத்தில் ஒருநாளும் பயப்படவில்லையே!" என்கிற மாதிரி ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

எல்லா நாய்க்கும் பிஸ்கட்தான் பிரியம் என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து எமரி சர்வகலாசாலையில், நாய்களை மூளைப் படம் எடுக்கும் கருவிக்குள் அசையாமல் படுத்திருக்கப் பழக்கினார்கள். அதற்கே ஒரு சபாஷ் போட வேண்டும்! ஒரு பொம்மையைக் காட்டினால் தின்பண்டம் வரும். இன்னொன்றைக் காட்டினால் எஜமானர் வந்து பாராட்டுவார். எதைக் கண்டு நாயின் மூளை அதிகம் குதூகலிக்கிறது என்று பார்த்தார்கள். 2016-ல் வெளியான முடிவுப்படி, சாப்பாட்டுக்கே முதலிடம் கொடுத்தவை இரண்டே இரண்டு. பெரும்பாலானவற்றுக்கு இரண்டும் சமம்; சிலவற்றுக்குப் பாராட்டுத்தான் மேல். பிறகு அவற்றைத் தட்டுக்கும் எஜமானருக்கும் நடுவில் விட்டபோது, மூளை காட்டிய வழியிலேயே கால்களும் போயின. உங்கள் நாய் எந்தக் கட்சி என்று தெரியாமல் பிஸ்கட் பொட்டலம் பொட்டலமாகச் செலவழித்து என்ன பிரயோஜனம்? வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். தரையில் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் நீங்கள். பத்துத் தடவை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பத்துத் தடவையும் தட்டுக்கே போனால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நாம் நாயைத் தப்பாகப் படிக்கும் இடம் ஒன்று உண்டு. கடைக்குப் போய்விட்டு வருகிறோம். கூடத்தில் செருப்பு கடிபட்டுக் கிடக்கிறது. நாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, காதை மடக்கி, ஓரக்கண்ணால் பார்க்கிறது. "பாருங்கள், செய்ததையும் செய்துவிட்டு எப்படித் திருட்டு முழி முழிக்கிறது! தப்பு என்று அதற்கே தெரிகிறது" என்கிறோம். 2009-ல் நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் என்ற அம்மையார் இதைப் பரீட்சித்தார். நாயிடம், "இதைத் தின்னக் கூடாது" என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போய்விடுவார். தின்பண்டத்தைச் சில தடவை நாய் தின்றது. சில தடவை அம்மையாரே எடுத்து ஒளித்துவிட்டார். திரும்பி வந்த எஜமானரிடம், "நாய் தின்றுவிட்டது" என்று சில சமயம் பொய்யாகவும் சொல்லப்பட்டது. அந்தத் திருட்டு முழி எப்போது வந்தது தெரியுமா? நாய் தின்றபோது அல்ல, எஜமானர் திட்டினபோது! அதிலும் ஒரு பாவமும் அறியாத நாய் திட்டு வாங்கினபோதுதான் அது அதிகமாகத் தெரிந்தது. அது குற்ற உணர்ச்சி அல்ல, நம் முகத்தையும் குரலையும் பார்த்து வரும் பயம். பயந்த சுபாவமுள்ள நாய்க்கு இந்த முழி சட்டென்று வந்துவிடும். ஆகவே வீட்டில் அதிகமாகத் திட்டு வாங்குவதும் அதுவாகவே இருக்கும்.

மகாபாரதத்தில், ஆதிபர்வத்தின் ஆரம்பத்திலேயே இந்த வழக்கு வருகிறது. ஜனமேஜயனின் யாகசாலைக்கு வந்த நாய்க்குட்டியை அவன் தம்பிகள் அடித்துவிடுகிறார்கள். அது அழுதுகொண்டே தாய் ஸரமாவிடம் போகிறது. "நீ ஹவிஸை நக்கினாயோ?" என்று தாய் கேட்கிறாள். "நக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை" என்கிறது குட்டி. ஸரமா நேரே யாகசாலைக்கு வந்து, குற்றம் செய்யாத என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்டாள். ராஜ சபையில் ஒருவருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவள் சபித்துவிட்டுப் போனாள். தர்மபுத்திரருடன் கடைசி வரை நடந்த நாயை எல்லாரும் சொல்கிறோம். நியாயம் கேட்ட இந்தத் தாய் நாயை யாரும் சொல்வதில்லை.

"செல்லம் கொடுக்காதே, வீட்டில் யார் ராஜா என்று நாய்க்குக் காட்டு" என்று உபதேசம் செய்யும் பெரியவர்கள் உங்கள் மாடியிலும் இருப்பார்கள். ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் மற்றவற்றை அடக்கி ஆளும், நாயும் அதே வம்சம் என்பது அவர்கள் வாதம். இது 1947-ல் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதினதிலிருந்து கிளம்பிய கதை. 1970-ல் டேவிட் மெக் என்ற அமெரிக்க நிபுணரும் தம் ஓநாய்ப் புத்தகத்தில் அதையே எழுதினார். பிறகு காட்டிலேயே போய்த் தங்கி ஓநாய்களைப் பார்த்த அவரே, 1999-ல் அது சரியல்ல என்று எழுதிவிட்டார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் அடங்கிய குடும்பந்தான். மாடி வீட்டுப் பெரியவருக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அவர் பேச்சைக் கேட்டுக் கட்டிலுக்கடியில் இருக்கும் நாயைக் கழுத்தைப் பிடித்து வெளியே இழுத்தால், அது கடிக்கக் கற்றுக்கொள்ளும். அப்புறம் குற்றமும் அதன் தலையில்தான் விழும்.

இந்த இடத்தில் குழந்தைகள் உள்ள வீட்டுப் பெண்மணிகள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். நாய் திடீரென்று கடித்துவிட்டது என்பார்கள். அநேகமாக அது முன்பே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கும். தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஒன்றும் தின்னாமலே உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரியும், உடம்பு விறைத்து அசையாமல் நிற்கும். அதற்கும் கேட்காவிட்டால் உறுமும். உறுமினதற்காக அடித்தால் உறுமலை விட்டுவிடும், பயத்தை விடாது. அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். உறுமின நாயிடமிருந்து குழந்தையை நிதானமாக அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். சாப்பிடும்போதும், தூங்கும்போதும், ஓர் ஓரமாக ஒதுங்கிப் போனபோதும் நாயைத் தொடக் கூடாது என்பதைக் குழந்தைக்கு அகர முதல் எழுத்தோடு சேர்த்துக் கற்றுக்கொடுக்கலாம். கட்டிக்கொள்வது நமக்குத்தான் அன்பு. பல நாய்களுக்கு அது சிறை. அதைப் பொறுத்துக்கொள்ளும் எதிர் வீட்டு நாயும் உண்மையில் ரசிக்கிறதா, பொறுத்துக்கொள்கிறதா என்று அதன் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். எப்படிப்பட்ட சாதுவானாலும் சின்னக் குழந்தையோடு தனியே விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போக வேண்டாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் போட்டுவிடுங்கள். எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும், குழாயைத் திறந்துவிட்டு அந்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் அப்பக் கூடாது.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு. உங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் போகிறதே, அந்த இடத்தையே அதற்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு பழைய புடைவையை நாலாக மடித்துப் போடுங்கள். அங்கே இருக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது, கை நீட்டக் கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம். விருந்தாளிகளிடம், "எங்கள் நாய் கொஞ்சம் கூச்ச சுபாவம், அதைப் பார்க்காதது போல் இருங்கள்" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். பார்க்காதவரிடம்தான் கூச்சமுள்ள நாய் முதலில் வரும். வந்தால் வரட்டும்; வராவிட்டால் காப்பி ஆறிவிடப் போவதில்லை. வாசல் மணிக்குப் பயம் என்றால், வீட்டில் யாரையாவது வாசலில் நிறுத்தி மணியை மெதுவாக ஒரு தடவை அடிக்கச் சொல்லி, அந்த நிமிஷமே அதற்குப் பிடித்த பண்டத்தைக் கொடுங்கள். தினம் நாலைந்து தடவை போதும். பயந்து ஓடுகிற அளவுக்குச் சத்தம் போனால், அன்றைக்கு அவ்வளவோடு நிறுத்திவிடுங்கள். வாரக்கணக்கில் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகலாம். எதிர் வீட்டு நாயாக அது ஒருநாளும் ஆகாது. பந்து வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முறத்திலோ பழைய துணி மடிப்பிலோ நாலு தின்பண்டத்தை ஒளித்து வைத்து மோந்து தேடச் சொல்லுங்கள். பந்தைச் சீந்தாத நாய்கள் பல இதில் சொக்கிப்போகும். குழந்தையே ஒளித்து வைக்கட்டும், கட்டிக்கொள்ளாமலே சிநேகமாகிவிடும்.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் உங்கள் வீட்டுச் சந்தடி அதற்குத் தாங்கவில்லை என்றால், சந்தடியில்லாத ஒரு வீட்டில், அதன் சுபாவத்தை ஒன்று விடாமல் சொல்லி, தெரிந்தவர் கையில் ஒப்படைப்பது பாவமல்ல. சொல்லாமல் தள்ளிவிடுவதும், காரில் கொண்டுபோய்த் தெரியாத தெருவில் இறக்கிவிட்டு வருவதுந்தான் பாவம். ஆனால் ராத்திரி உங்கள் காலடியைத் தேடி வருகிற நாய் தன் வீட்டைத் தீர்மானித்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் வீட்டுக்காரரை ஒருநாள் தூங்குகிற மாதிரி பாசாங்கு செய்துகொண்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தீபாவளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அப்படியில்லை. ஒட்டிக்கொள்ள வந்தால் ஒட்டிக்கொள்ளட்டும். தனியே பதுங்க விரும்பினால் பதுங்கட்டும். எது என்று அதுவே சொல்லும். நடைக்கு வெளுப்பதற்கு முன்பே அழைத்துப் போய்விட்டு, ஜன்னல்களைச் சார்த்தி, விசிறியைப் போட்டு, உள்ளறையில் விட்டுவிடுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் டெலிபோன் நம்பர் இருக்க வேண்டும்; அன்றைக்குத்தான் நாய்கள் ஓடித் தொலைகின்றன. ரொம்பவும் நடுங்குகிற நாய் என்றால் சில வாரம் முன்னதாகவே மிருக வைத்தியரிடம் சொல்லி மருந்து கேட்கலாம்.

சுபாவம் நாளுக்கு நாள் கொஞ்சம் அசையும். சட்டென்று தலைகீழாக மாறாது. பத்து வருஷம் சாதுவாக இருந்த நாய் ஒருநாள் தொட்டால் உறுமுகிறது என்றால், அதற்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். மூட்டு வலியாக இருக்கும், பல் சொத்தையாக இருக்கும், காது மந்தமாகி நீங்கள் வருவது தெரியாமல் திடுக்கிட்டிருக்கும். துறுதுறுவென்று இருந்தது மூலையில் முடங்கினாலும் அப்படித்தான். மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.